பழைய ஜீப்புக்கும் 407-க்கும் பிரேக்கை மேம்படுத்துவது: டிஸ்க் வாங்குவதற்கு முன்

திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தந்தை வைத்திருந்த 1982-ஆம் ஆண்டு சிஜே3பி ஜீப் இப்போது அவர் கையில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்திருக்கிறார். 31 அங்குல டயர் போட்டிருக்கிறார். பிரேக் மட்டும் அன்று வந்தபடியே: நான்கு சக்கரத்திலும் டிரம் (உள்ளிருந்து ஷூக்கள் விரிந்து அழுத்தும் உருளை), வண்டித் தளத்துக்கு அடியில் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்). நண்பர்களோடு கொல்லிமலை போக வேண்டும், பெடல் ஆழமாகப் போகிறது, முன் சக்கரங்களுக்கு டிஸ்க் (இருபுறமும் பேடால் கவ்விப் பிடிக்கப்படும் தட்டு) போட்டால் தீர்ந்துவிடுமா என்பது அவருடைய முதல் கேள்வி. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றும் தாய்மாமனின் பழைய டாடா 407 சிறு லாரி, பிரேக் மிதித்தால் இடப்பக்கம் இழுக்கிறது, அதற்கும் டிஸ்க் மாற்றலாமா என்பது இரண்டாவது கேள்வி. தண்டையார்பேட்டையில் பிரேக் வேலை மட்டுமே பார்த்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, டிஸ்க் நல்ல பொருள்தான். ஆனால் உங்கள் ஜீப்பில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் இருப்பதைச் சரியாக்க வேண்டும், அடுத்து ஒற்றைச் சுற்றை இரட்டைச் சுற்றாக்க வேண்டும், பிறகு மிதிக்கும் விசையை வெற்றிடத்தின் உதவியால் கூட்டித் தரும் சர்வோ, அதற்குப் பிறகே டிஸ்க். இந்த வரிசையை மாற்றிச் செய்த வண்டிகள்தான் என் பட்டறைக்கு அதிகம் இழுத்து வரப்பட்டிருக்கின்றன.

முதலில் அந்தப் பெடல் ஏன் ஆழமாகப் போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு முறை மிதித்தால் கீழே போய், உடனே இரண்டாம் முறை மிதித்தால் மேலே நிற்கிறது என்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். இந்த ஜீப்பில் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு கிடையாது. ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய நாம்தான் ஒவ்வொரு ஷூவையும் அதன் அட்ஜஸ்டரைத் திருப்பி நெருக்க வேண்டும். பெடல் பஞ்சு போல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது. காலை ஒரு நிமிடம் அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு தெரியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் (ஆயிலை அடைக்கும் ரப்பர்) உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதல் வகையாக இருந்தால் அரை நாள் வேலை. அதற்கு டிஸ்க் செட்டின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசியைக் காற்றுக் குழாய் வைத்து ஊதவே கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். ஈரத் துணியால் துடைத்து, முகத்தில் நல்ல முகமூடி அணிந்து வேலை செய்யச் சொல்லுங்கள். என்னோடு வேலை கற்றவர்கள் எல்லோரும் ஊதித்தான் பழகினார்கள். அந்தப் பழக்கத்தை என் பட்டறையில் நிறுத்த எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

டிரம்மின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். உங்கள் ஜீப்புக்கு உரியது 9 அங்குல டிரம். லேத்தில் கடைந்து கடைந்து 1.5 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம் கூடியிருந்தால் அந்த டிரம்மைத் தூக்கிப் போட வேண்டும்; சுவர் மெலிந்தால் சூட்டைத் தாங்காது, விரிசலும் விடும். கடைந்த டிரம்முக்குப் புது லைனிங் போட்டால், லைனிங்கின் வளைவும் டிரம்மின் வளைவும் பொருந்தும்படி அரைத்துக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஷூவின் நடுப்பகுதி மட்டுமே தொடும். புது லைனிங் போட்ட பிறகும் பிரேக் பிடிக்கவில்லை என்ற புகாரில் பாதி இதனால் வருவது. ஒரே அச்சில் இடது டிரம்மும் வலது டிரம்மும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பிரேக் போதவில்லை என்றால், அதற்குக் காரணம் நீங்கள் வண்டியில் செய்திருக்கும் மாற்றங்கள். அந்த ஜீப் சுமார் 28 அங்குல உயரமுள்ள டயருக்காகச் செய்யப்பட்டது. 31 அங்குல டயர் போட்டால், டிரம் தரும் அதே முறுக்குவிசை நீண்ட ஆரத்தின் வழியாகத் தரைக்குப் போகிறது. ஆகவே தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதோடு டீசல் எஞ்சினின் எடை முன்னால் கூடியிருக்கிறது; பழைய எஞ்சினோடு 60 கிலோமீட்டரில் போன வண்டி இப்போது 80-இல் போகிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு ஆகும். 60-லிருந்து 80-க்கு ஏறினாலே அது முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பிரேக் பழையது என்பதை விட, வண்டி பிரேக்கைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்று சொல்வதே சரி.

இப்போது ஒற்றைச் சுற்றுக்கு வருகிறேன். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அறையிலிருந்துதான் பிரேக் ஆயில் போகிறது. எங்கோ ஒரு சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் வாஷர் கிழிந்தாலோ, ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ, நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். டேண்டம் எனப்படும் இரட்டைச் சுற்று மாஸ்டரில் முன்னுக்கு ஓர் அறை, பின்னுக்கு ஓர் அறை. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஜீப் என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் முன் டிஸ்க் மட்டும் போட்டு, மாஸ்டரை ஒற்றைச் சுற்றாகவே விட்டிருந்தார்கள். மணலி விரைவுச் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில், மிதித்த பெடல் அப்படியே தரைக்குப் போயிருக்கிறது. ஓட்டியவர் சாலையோர மணலில் இறக்கி நிறுத்தியதால் உயிர் தப்பினார். பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பழைய ஜீப்பின் பிரேக் குழாய் நட் அங்குல மரை: எட்டில் மூன்று அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 24 மரை. போட்டிருந்த காலிப்பரின் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) குழாய்த் துளையோ 10 மில்லிமீட்டர், 1 மில்லிமீட்டர் மரை. அங்குல நட்டின் விட்டம் 9.5 மில்லிமீட்டர் என்பதால் அது அந்தத் துளையில் சுகமாக நுழையும், சுற்றும், இறுகியது போலவும் தோன்றும். மரையின் நுனி மட்டுமே பற்றியிருக்கும். ஒரு பலமான மிதியில் பிய்த்துக்கொண்டு வரும். அந்த நாளுக்குப் பிறகு, எந்த வண்டி வந்தாலும் மரை அளவுமானியை வைத்துப் பார்க்காமல் ஒரு குழாயையும் பூட்ட நான் அனுமதித்ததில்லை. உங்கள் மெக்கானிக்கிடம் இந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்: இரண்டு மரையும் ஒன்றுதானா?

டேண்டம் மாஸ்டர் வாங்கும்போது அதன் உள்விட்டத்தைக் கவனியுங்கள். பெரியது போட்டால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 30 கிலோ விசையில் பெடலை மிதிக்கிறீர்கள், பெடலின் நெம்புகோல் அதை ஆறு மடங்காக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டரின் பிஸ்டன் மேல் 180 கிலோ விழுகிறது. ஓர் அங்குல சிலிண்டரின் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ அழுத்தம் கிடைக்கும். முக்கால் அங்குல சிலிண்டராக இருந்தால் காலால் தரும் அதே விசைக்கு 63 கிலோ கிடைக்கும். ஆனால் சிறிய சிலிண்டர் ஒரே தூர மிதியில் 44 சதவீதம் குறைவான ஆயிலைத்தான் தள்ளும். பெடல் அதிக தூரம் போகும். காலிப்பருக்கோ வீல் சிலிண்டருக்கோ எவ்வளவு ஆயில் வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் மாஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே மாஸ்டர், சர்வோ, காலிப்பர் மூன்றையும் ஒரே வண்டியின் வடிவமைப்பிலிருந்து ஒன்றாக எடுப்பதே பாதுகாப்பு. ஒன்றை ஒரு வண்டியிலிருந்தும் மற்றொன்றை வேறொரு வண்டியிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால், கணக்குப் போடாமல் பொருந்தாது.

டிஸ்க்குக்கு முன் சர்வோ ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. டிரம்மில் முன்னோக்கிய ஷூ, டிரம் சுழலும் திசையில் தானே இழுபட்டு இன்னும் இறுகும்; நம் கால் விசைக்கு அது இலவசமாக உதவி செய்கிறது. டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. சர்வோ இல்லாமல் டிஸ்க் போட்டால் பெடல் கல்லாக இருக்கும், அவசரத்தில் வண்டி நிற்காது. சர்வோவுக்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் அது எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டிலிருந்தே கிடைத்துவிடும். டீசல் எஞ்சினில் கிடைக்காது. நீங்கள் வைத்திருக்கும் எஞ்சினின் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரும், அதற்கு எஞ்சின் ஆயில் வந்து போகும் குழாய்களும் சேர்த்துப் போட வேண்டும். போட்ட பிறகு சோதிப்பது எளிது: எஞ்சினை நிறுத்தி, பெடலை நான்கைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்று இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பம்ப்பில், ஹோஸில் அல்லது சர்வோவின் டயாஃப்ராமில் குறை இருக்கிறது.

சர்வோவையும் மாஸ்டரையும் தாங்கும் பிராக்கெட்டைக் கனமான தகட்டில் செய்யுங்கள். ஒருவர் முழு பலத்தோடு மிதிக்கும்போது மற்றொருவர் பிராக்கெட்டைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு அது வளைந்தால் நீங்கள் மிதிப்பதில் ஒரு பங்கு தகட்டை வளைப்பதற்கே போகிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு டிஸ்க் போடுங்கள். டிஸ்க்கின் உண்மையான பலன் இரண்டு இடங்களில் தெரியும். ஒன்று நம் ஊர்த் தண்ணீர். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் நீரில் இறங்கி ஏறிய டிரம் வண்டி, அடுத்த நூறு மீட்டருக்குப் பிரேக்கே இல்லாதது போல ஓடும். உள்ளே புகுந்த நீரும் சேறும் வெளியேற வழியில்லை. டிஸ்க்கில் இரண்டு மூன்று சுற்றிலேயே பேட் நீரைத் துடைத்துவிடும். சேற்றிலும் ஆற்றிலும் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய வேறுபாடு. மற்றொன்று மலை இறக்கம். வட சென்னை முழுவதும் சமதளம். மேம்பாலத்தைத் தவிர வேறு இறக்கம் நமக்குப் பழக்கமில்லை, ஆகவே குறையுள்ள பிரேக்கும் இங்கே ஆண்டுக்கணக்கில் ஓடிவிடும். 1500 கிலோ எடையுள்ள ஜீப் 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அதை எழுபது முறை நிறுத்துவதற்குச் சமம். கொல்லிமலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளும் எழுபது என்பதால் இந்தக் கணக்கு என் மனத்தில் நின்றுவிட்டது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் ஆழமாகும். சூடேறிய டிஸ்க் தடித்துப் பேடை நோக்கி வரும். ஆனால் டிஸ்க் போட்டாலும் கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். டீசல் எஞ்சினின் பிடிப்பு பெட்ரோலை விடக் குறைவு என்பதால், நீங்கள் நினைப்பதை விட ஒரு கியர் கீழே வைத்து இறங்குங்கள்.

டிஸ்க் போடும்போது பலரும் தவறவிடும் ஒரு சிறு பொருள் இருக்கிறது. டிரம்முக்கான மாஸ்டரில், குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு உள்ளே இருக்கும். அதே மாஸ்டரை டிஸ்க்குக்குப் பயன்படுத்தினால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உராய்ந்துகொண்டே இருக்கும், சக்கரம் கொதிக்கும். மாறாக, உங்கள் ஜீப்பைப் போல மாஸ்டர் வண்டித் தளத்துக்கு அடியில், காலிப்பரை விடத் தாழ்வாக இருந்தால், வால்வே இல்லாதபோது ஆயில் கீழே இறங்கி வந்துவிடும், முதல் மிதி வீணாகும். அதற்கென்று மிகக் குறைந்த அழுத்தத்தில், சதுர அங்குலத்துக்குச் சுமார் 2 பவுண்டு அளவில், தக்கவைக்கும் வால்வை முன் குழாயில் தனியாகப் போட வேண்டும்; பின் டிரம்முக்குச் சுமார் 10 பவுண்டு வால்வு வேண்டும்.

முன்னால் பலம் கூட்டினால் முன்-பின் சமன்பாடும் மாறும். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் (சுழலாமல் நின்று சறுக்கினால்) வண்டி சுழலும். முன் சக்கரம் முதலில் பூட்டினால் நேராகவே போகும். ஆகவே முன் சக்கரம் சற்று முந்திப் பூட்டும்படி பின் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வைத்துச் சரிசெய்ய வேண்டும். பின்பக்க எடைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள பிக்கப் வண்டிகளில் சஸ்பென்ஷனை உயர்த்தினால், வண்டி காலியாக இருக்கிறது என்றே அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியையும் உயர்த்திய அளவுக்குத் திருத்த வேண்டும். பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. செலவுக்கு ஏற்ற பலன் அதில் கிடைப்பதில்லை. பணம் குறைவாக இருந்தால், டிஸ்க்குக்குப் பதிலாக 11 அங்குல டிரம்முக்கு மாறுவதும் மதிப்புள்ள வழியே. சமதளத்தில் ஓடும் வண்டிக்கு அது போதும்.

பாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய காலம் முதல் இது வண்டி செய்யும் ஊர். பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962 முதல் இருக்கிறது. நல்ல வாஷர் கிட்டும் ஹோஸும் ஜி.பி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கும்போது, பெயரில்லாத பொட்டலத்தை வாங்குவதற்கு நமக்கு எந்த நியாயமும் இல்லை. காலிப்பரின் உடலைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம், உள்துளையில் குழி விழாமல் இருந்தால். ரப்பரையும் ஹோஸையும் லைனிங்கையும் பழையதாக வாங்கவே கூடாது.

இனி மாமாவின் 407. அது இடப்பக்கம் இழுக்கிறது என்றால் வலப்பக்கம் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆகவே வலது முன் சக்கரத்தை முதலில் பிரியுங்கள். வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம், ஹப் சீல் போய் லைனிங் கிரீஸில் ஊறியிருக்கலாம். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். அப்போது மிதிக்கும்போது ஆயில் தாமதமாகப் போகும், காலை எடுத்த பின்னும் திரும்பி வராமல் சக்கரம் சூடாகும்.

மீன் வண்டிக்கு இதை விடப் பெரிய எதிரி உப்பு நீர். பனிக்கட்டி உருகி மீன் நீரோடு கலந்து சேஸிஸ் மேல் வழிந்துகொண்டே இருக்கிறது. இரும்புப் பிரேக் குழாய் கிளிப்பின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உள்நோக்கி அரிக்கிறது. ஒவ்வொரு கிளிப்பையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுரண்டினால் செதிலாக உதிரும் குழாயை மாற்ற வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைத்தால் அதைப் போடலாம், அது துருப்பிடிக்காது. தனிச் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் இறுகி விரிசல் விடும். குழாயின் வாயை இரட்டை மடிப்பாக மடித்திருக்க வேண்டும். அரித்த இடத்தை வெட்டி நடுவில் ஒட்டுப் போடுவதை நான் ஏற்பதில்லை. வண்டிக்குள் தேங்கும் நீரைச் சேஸிஸ் மேல் வழியவிடாமல் பின்பக்கம் ஒரு குழாய் வைத்து இறக்கினால், அந்தச் சிறு செலவு பிரேக் குழாய்க்கு ஆயுளைக் கூட்டும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுங்கள். திறந்து வைத்த டப்பாவில் மிச்சமிருப்பதை மறு ஆண்டு ஊற்ற வேண்டாம். குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் பின் சக்கரத்தில் தொடங்கி அருகில் இருக்கும் முன் சக்கரத்தில் முடிக்க வேண்டும். ஷூ இடைவெளியைச் சரிசெய்த பிறகே அதைத் தொடங்க வேண்டும்.

ஏர் பிரேக் உள்ள பழைய லாரி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்த வண்டிகளில் மேம்பாடு என்று எதையும் யோசிக்கும் முன், காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் சேம்பரின் கம்பி எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். 30 வகை சேம்பரில் அது 2 அங்குலத்தைத் தாண்டினால், அந்தக் கம்பிக்கும் ஷூவுக்கும் இடையிலுள்ள தளர்வைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை உடனே நெருக்க வேண்டும். அதற்கு மேல் விசை சரசரவென்று குறைந்துவிடும், மீட்டரில் காற்று நிறைந்திருந்தாலும் வண்டி நிற்காது. தானாகச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் அந்த லாரிக்குப் பொருந்துமானால் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏர் டேங்கின் நீரைத் தினமும் வடிக்க வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. டீசல் எஞ்சின் உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், விபத்து நேரும் நாளில் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும். பிரேக் மாற்றத்துக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாம் பூட்டிய பிறகு, ஆளில்லாத நேரான சாலையில் 50 கிலோமீட்டரிலிருந்து 15-க்கு, முழுவதும் நிறுத்தாமல், பத்துப் பதினைந்து முறை வேகத்தைக் குறைத்துப் பேடையும் லைனிங்கையும் படியவிடுங்கள். இடையிடையே ஆறவும் விடுங்கள். பிறகு நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே அச்சின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் ஜீப்பின் கை பிரேக், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் வகை. அந்த ஷாஃப்டைக் கழற்றினாலோ பின் ஆக்சில் உடைந்தாலோ அது பயன்படாது. மலையில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு அடியில் வைக்க இரண்டு கனமான மரக்கட்டைகள் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.